மேகமூட்டம் என்று பேர் வைத்தவள்

அர்லிஸ் குசேரா எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவள் அல்ல. துணி துவைக்கும் இயந்திரம் வாங்குவதற்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் படிப்பாள். யார் யார் என்ன குறை சொன்னார்கள், எது சீக்கிரம் பழுதாகும், எதற்கு உதிரி கிடைக்காது என்று விரல்நுனியில் வைத்திருப்பாள். கணவன் வெர்லினையும் அப்படித்தான் பொறுக்கி எடுத்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. "போட்டிக்கு நின்னவன் என்னைத் தவிர ஒரே ஒருத்தன். அவனுக்குப் பல்லு சரியில்ல. அதை வெச்சு என்னத்தை ஒப்பிட்டாளோ!" என்பான் வெர்லின்.

நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது வில்லோ ஃபோர்க். மனிதரைவிட மாடுகள் அதிகம் உள்ள ஊர். அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் அர்லிஸ் இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்டவள். சில்லி குழம்பும் அதோடு இலவங்கப்பட்டை ரொட்டியும் அவள் கை பட்டால்தான் ருசி என்று இப்போது நரைத்துப்போனவர்கள்கூடச் சொல்வார்கள். காரக் குழம்புக்கு இனிப்பு ரொட்டியா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. ஓய்வு பெற்ற பின் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. முதியோர் மையத்தில் புதன்கிழமைச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு மெடிகேர் என்ற அரசாங்க முதியோர் காப்பீட்டில் எது நல்லது, எது கெட்டது என்று கணினியில் அதன் இணையதளத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

அதே தளத்தில்தான் ஆஸ்பத்திரிகளுக்கு நட்சத்திரம் போட்டிருப்பதையும் அவள் கண்டுபிடித்தாள். நாடு முழுக்க உள்ள ஆஸ்பத்திரிகளை அரசாங்கமே ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரித்து வைத்திருந்தது. இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை பேருக்குப் புண் சீழ்பிடித்தது, வீட்டுக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், கூப்பிட்டால் நர்ஸ் வருகிறாளா என்பது வரைக்கும் அதில் இருந்தது. பக்கத்து வீட்டு லாயல் ஹெக்ட் முழங்கால் மாற்றப் போனபோது, அவன் போக இருந்த நகரத்து ஆஸ்பத்திரியைவிட இன்னொன்றில் சீழ்பிடித்த கணக்கு பாதிதான் என்று அர்லிஸ் காட்டினாள். லாயல் அங்கே போனான். சுகமாகத் திரும்பி, மையத்தின் வாசலில் ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். அன்றிலிருந்து அர்லிஸ் சொன்னால் சரி என்றாகிவிட்டது.

"என்னை எங்கடி அனுப்பப் போற?" என்று கேட்டாள் மார்டெல். அர்லிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே வளர்ந்தவள். இடுப்பு தேய்ந்துபோய், உட்காரும்போதும் எழும்போதும் முனகிக்கொண்டிருந்தாள்.

"பொறு. உன் இடுப்புக்கு ஏத்த இடமா பாக்க வேண்டாமா?"

"என் இடுப்புக்கு ஏத்த இடம் எதுவும் இல்லைன்னு என் தையல்காரி எப்பவோ சொல்லிட்டா. அது கிடக்கட்டும். நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு எத்தனை நட்சத்திரம்? சும்மா பாரு."

சுற்றி இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வில்லோ ஃபோர்க் ஆஸ்பத்திரியில் இடுப்பெல்லாம் மாற்ற மாட்டார்கள். காய்ச்சல், சளி, எலும்பு முறிவு, மாடு முட்டியது என்று வருகிறவர்களுக்கு ஒரு சின்ன வார்டு, சில கட்டில்கள். அவ்வளவுதான். ஆனால் அதை விட்டால் அடுத்த கட்டில் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது.

அர்லிஸ் பேரை அடித்தாள். நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. 'கிடைக்கவில்லை' என்று மட்டும் போட்டிருந்தது. அதன் தோளில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன எண். அந்த எண் எதற்கு என்று அவள் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நட்சத்திரம் ஒண்ணுகூட இல்ல," என்றாள். பிறகு, பேச்சு தானாக வந்தது: "நம்ம ஆஸ்பத்திரிக்கு மேல வானம் மேகமூட்டம்!"

மையமே சிரித்தது. மார்டெல் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவ்வளவு வருடம் இருந்தும் அர்லிஸ் சொன்ன எதற்கும் ஊர் அப்படிச் சிரித்ததில்லை. அன்று அவளுக்கு ரொட்டி இன்னும் கொஞ்சம் இனித்தது.

ஊர் வாய்க்கு ஒரு பேர் கிடைத்தால் விடுமா? தீவனக் கடையில், சர்ச் வாசலில், மாட்டு ஏலத்தில் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு மேகமூட்டம் என்று பேராகிவிட்டது. "எங்க போன?" "மேகமூட்டத்துக்கு, ரத்தம் குடுக்க." முதலில் வேடிக்கையாகச் சொன்னார்கள். பிறகு சளிக்கும் காய்ச்சலுக்கும்கூட நகரத்துக்கு வண்டியைத் திருப்பினார்கள். வாசலில் நின்ற கார்கள் குறைந்தன. குளிர் தொடங்கியபோது மையத்தின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு பனி உருகியதும் கூடி, வார்டை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். பகல் கிளினிக் இருக்கும். கட்டில்கள் இருக்காது.

"மூடட்டுமே. யார் படுக்கறா?" என்றாள் அர்லிஸ், தாளைப் படித்துவிட்டு.

ஜனவரியில் வெர்லினுக்குச் சளி பிடித்தது. மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க மனமில்லை. மறுநாள் இருமலில் துரு நிறச் சளி வந்தது. மூச்சு நாய் மூச்சாக இரைத்தது. மதியம் ஆனதும் அர்லிஸ் அவனைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினாள்.

ஊர் ஆஸ்பத்திரி பிரதான சாலையின் ஓரத்திலேயே இருந்தது. வாசலில் ஜனீன் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வார்டு நர்ஸ். அர்லிஸின் எதிர்வீட்டுக்காரி. வண்டியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். வண்டி நிற்கும் என்று நினைத்துப் பனிமண்வெட்டியைச் சுவரில் சாய்த்தும் வைத்தாள்.

"இங்கேயே நிறுத்தேன்," என்றான் வெர்லின்.

"நகரத்துல நாலு நட்சத்திரம் வாங்கின இடம் இருக்கு. பேசாம வா."

"நட்சத்திரம் பகல்ல தெரியாது, அர்லிஸ்."

"பேசாம வான்னு சொன்னேன்ல? பேசினா உனக்குத்தான் மூச்சு வாங்குது."

அவள் ஜனீனைப் பார்க்காமல் ஓட்டினாள். பின்கண்ணாடியில் ஜனீன் மண்வெட்டியை மறுபடி கையில் எடுப்பது தெரிந்தது.

குறுக்குச் சாலையில் இருக்கும் பெட்ரோல் கடை வந்தபோது வெர்லின் எதற்கும் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தாள். உதடு மை தொட்டது போல இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைத் தேடவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவசர எண்ணை அழுத்தினாள். நகரம் இன்னும் ஒன்றரை மணி நேரம். அரை மணிக்குள் வில்லோ ஃபோர்க்கிலிருந்தே ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவன் தீவனக் கடை கார்க்கி. அந்த ஊரில் ஆம்புலன்ஸுக்குச் சம்பள ஆள் கிடையாது. மணி அடித்தால் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வருவான். நிர்வாகக் குழுவுக்குத் தலைவனும் அவன்தான்.

வெர்லினின் மூக்கில் ஆக்சிஜனை மாட்டிவிட்டுக் கார்க்கி அவளைப் பார்த்தான். "நகரம் வரைக்கும் தாங்க மாட்டாரு. மேகமூட்டத்துக்கே கொண்டு போயிடறேன். சரியா அர்லிஸ்?"

குத்திக் காட்டுவதற்காக அவன் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு இப்போது அதுதான் பேர். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வாசலில் ஜனீன் கட்டிலோடு தயாராக நின்றாள். அதன் பிறகு யாரும் நின்று பேசவில்லை. ஊசி, குழாய், படம் எடுக்கும் இயந்திரம், டாக்டரின் தாழ்ந்த குரல். மாலை வெளிச்சம் ஜன்னலை விட்டுப் போவதற்குள் வெர்லினின் உதடு மனித நிறத்துக்கு வந்துவிட்டது.

"இன்னும் ஒரு அரை மணி போயிருந்தா..." என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, அர்லிஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சொல்லி முடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் காபிக்காக நடையில் வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். நர்ஸ்களின் மேசைக்கு மேலே கூரையிலிருந்து நூலில் பெரிய பஞ்சு உருண்டை ஒன்று தொங்கியது. காயத்துக்கு வைக்கும் பஞ்சை ஒட்டி ஒட்டி மேகமாகச் செய்திருந்தார்கள். காற்றோட்டத்தில் மெல்லச் சுழன்றது.

"எங்க கொடி," என்றாள் ஜனீன், சிரித்துக்கொண்டே. "பேர்தான் வெச்சுட்டாங்களே. அழுதுட்டா இருக்க முடியும்?"

"யாரு வெச்சது?" அர்லிஸின் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜனீன் கோப்பையில் காபியை ஊற்றி முடித்தாள். "ஊருதான்," என்றாள். "சர்க்கரை வேண்டாம்ல உங்களுக்கு?"

பேர் வைத்தவள் யாரென்று ஜனீனுக்குத் தெரியுமா, தெரியாதா? அர்லிஸ் அன்றும் மறுநாளும் அந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். ஜனீன் வெர்லினின் தலையணையைத் திருப்பிப் போட்டாள். அவன் ஜோக்குக்குச் சிரித்தாள். அர்லிஸ் கூப்பிட்டதும் வந்தாள். கூப்பிடாமலும் வந்தாள். பக்கத்துக் கட்டில்கள் விரிப்பு கசங்காமல் காலியாகக் கிடந்தன.

வெர்லின் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அர்லிஸ் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவன் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியின் பெயர். நட்சத்திரம் கிடைக்கவில்லை. தோளில் அந்தச் சின்ன எண். வேறு வேலை இல்லாததால் விரலை அதன் மேல் வைத்தாள்.

கீழே ஒரு வரி விரிந்தது. கணக்கிடுவதற்குப் போதுமான நோயாளிகள் இல்லாததால் இந்த மருத்துவமனைக்குத் தரம் கணக்கிட இயலவில்லை.

திரும்பப் படித்தாள். மோசம் என்று அதில் இல்லை. நல்லது என்றும் இல்லை. எண்ணுவதற்கு ஆள் போதவில்லை என்றுதான் இருந்தது. துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாதத் தாளில் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவள் அவள். அந்தக் கண் இதன் மேல் படவில்லை. ஆள் குறைவாக வந்ததால் நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் இல்லை என்று அவள் சொன்னதால் ஆள் இன்னும் குறைந்தார்கள். அறையில் விழித்திருப்பவர் யாரும் இல்லை. ஆனாலும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வெர்லின் கண் விழித்ததும் அவனிடம் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வது?

அவன் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டான். "அப்போ நானும் இப்போ அந்தக் கணக்குல ஒருத்தனா?"

"ஒருத்தன்தான்."

"நீ என்னைக் கொண்டுபோய் அடுத்தவன் கணக்குல சேக்கப் பாத்தியே, கிழவி." சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவள் முதுகைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும் அவன் மெதுவாகச் சொன்னான்: "பனி உருகினதும் கூட்டம் இருக்கு. தெரியும்ல?"

"தெரியும்."

"கார்க்கி நல்லவன். ஆனா காலிக் கட்டிலுக்கு அவனால என்ன பண்ண முடியும்?"

அவள் போர்வையை அவன் தோள் வரை இழுத்துவிட்டாள்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு மையத்திலேயே கூட்டம் வைத்தார்கள். அர்லிஸ் வழக்கத்தைவிட இரண்டு தட்டு அதிகமாக ரொட்டி செய்து கொண்டுவந்திருந்தாள். எதற்கு என்று அவளையே கேட்டிருந்தால் சொல்லத் தெரியாது. வெர்லின் மூலையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜனீன் சீருடையிலேயே வந்து காபிப் பாத்திரத்தின் அருகே நின்றாள்.

கார்க்கி சுற்றி வளைக்கவில்லை. "கட்டில் காலியா கிடக்கு. ஆள் வந்தா வார்டு இருக்கும். வராட்டி இருக்காது. உங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க."

முதலில் லாயல் ஹெக்ட் தன் புது முழங்காலை நீட்டிக்கொண்டு சொன்னான்: "எனக்கும் வருத்தம்தான். ஆனா நட்சத்திரமே இல்லாத இடம். எதுக்குக் கட்டி இழுக்கணும்? என்ன அர்லிஸ், நீதானே பாத்துச் சொன்ன?"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது, மேகமூட்டம் என்று அவள் சொன்ன அன்றைக்குத் திரும்பியது போலவே.

"நட்சத்திரம் இல்லைன்னா மோசம்னு அர்த்தமில்ல," என்றாள் அர்லிஸ்.

லாயல் கனிவாகச் சிரித்தான். "வெர்லினைக் காப்பாத்திக் குடுத்திருக்காங்க. நீ அப்படித்தான் சொல்லணும். சொல்லாட்டித்தான் தப்பு."

சுற்றிலும் தலைகள் ஆடின. நல்ல மனசு என்று யாரோ முணுமுணுத்தார்கள். அர்லிஸ் அந்த நொடியை அதன் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவர்கள் அவளுக்கு ஒரு மெத்தையைப் போட்டுவிட்டார்கள். அதில் உட்கார்ந்துவிட்டால் போதும். நன்றி மறவாதவள் என்ற பேரோடு எழுந்து போகலாம்.

ஆனால் காபிப் பாத்திரத்தருகே ஜனீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அர்லிஸுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஜனீனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

அர்லிஸ் எழுந்து கணினியைத் திறந்து, திரையை மார்டெலின் பக்கம் திருப்பினாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ படி. அந்தச் சின்ன எண் இருக்கு பாரு, அதை அமுக்கு."

மார்டெல் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். விரலை நீட்டி அமுக்கினாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிப்பது போல ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "போதுமான... நோயாளிகள்... இல்லாததால்..." முடித்ததும் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நீ இதைப் படிக்கலயா?"

"படிக்கல."

"பின்ன எதைப் பாத்துடி மேகமூட்டம்னு சொன்ன?"

அர்லிஸுக்கு ஒரு சாக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. எழுத்து பொடி, கண் சரியில்லை, எதையாவது. "எதையும் பாத்துச் சொல்லல. பேச்சு வாயில நல்லா வந்துது," என்றாள். "நீங்க சிரிச்சீங்க."

யாரோ கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. லாயல் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். யாரும் திட்டவில்லை. அந்த ஊரில் திட்டுவது வழக்கமில்லை. வேறு பக்கம் பார்ப்பதுதான் வழக்கம். எல்லாரும் பார்த்தார்கள். ஜன்னலை, சுவரை, ரொட்டித் தட்டை. அர்லிஸ் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

கடைசியில் மார்டெல்தான் வாயைத் திறந்தாள். அர்லிஸிடம் அல்ல, கார்க்கியிடம். "என் இடுப்பை நகரத்துலதான் மாத்தணும். அதுல இவ சொன்னது சரியாத்தான் இருக்கு, நானே பாத்துட்டேன். ஆனா மாத்தின பிறகு நடை பழகற வரைக்கும் நம்ம ஊரு வார்டுல படுக்கலாமா?"

"தாராளமா படுக்கலாம்," என்றாள் ஜனீன், முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி. "அதுக்குன்னே கட்டில் வெச்சிருக்கோம். யாரும் கேக்கறதில்ல."

"யாரும் சொல்லல," என்றாள் மார்டெல். அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்தது.

குழு அன்று எதையும் முடிவு செய்யவில்லை. மாட்டுப் புல் அறுவடை முடிந்ததும் மறுபடி பார்ப்போம் என்று தள்ளிவைத்தது. அதிகமாகச் செய்த ரொட்டி அப்படியே மிஞ்சியது. அடுத்த புதன்கிழமை அர்லிஸ் கணினி முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் மார்டெல் முனகிக்கொண்டே வந்து நின்றாள்.

"நகரு. நானே அமுக்கறேன். நீ பக்கத்துல இரு."

அர்லிஸ் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மே மாதம் மார்டெல் புது இடுப்போடு ஊர் வார்டில் வந்து படுத்தாள். அவளோடு இன்னும் இரண்டு கட்டிலில் ஆள் இருந்தார்கள். போதுமா போதாதா என்று கார்க்கிக்குத்தான் தெரியும். அர்லிஸும் வெர்லினும் ரொட்டித் தட்டோடு பார்க்கப் போனார்கள். நர்ஸ்களின் மேசைக்கு மேலே பஞ்சு மேகம் இன்னும் தொங்கியது. ஓரம் கொஞ்சம் தூசு படிந்திருந்தது.

"அதைக் கழட்டிடேன், ஜனீன்," என்றாள் அர்லிஸ்.

"எதுக்கு? வர்ற பிள்ளைகளுக்கெல்லாம் அது ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள் ஜனீன். தட்டை வாங்கி ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அதன் அடியில்தான் மார்டெலின் அறைக்குப் போக வேண்டும். அர்லிஸ் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தாள்.

"உயரமாத்தான் தொங்குது," என்றான் பின்னால் வந்த வெர்லின். "இடிக்காது."

"தெரியும்," என்றாள்.